பதினொரு வெள்ளிக்கிழமைகள்: ராமநாதபுரத்தில் ஓர் உளவியல் ஆலோசனை நிலையம்

நான் ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் ஒரு மீன் ஏலக் கடையில் கணக்கு எழுதுகிறவன். 2025 மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ராமநாதபுரம் நகரிலுள்ள ஒரு தனியார் உளவியல் ஆலோசனை நிலையத்துக்குப் பதினொரு முறை சென்று வந்தேன். அங்கே என்ன நடந்தது, எவ்வளவு செலவானது, எது உதவியது, எது எரிச்சலூட்டியது என்பதையெல்லாம் கணக்குப்பிள்ளையின் புத்தியோடு இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் ஆலோசகரின் பெயரையும் எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பது ஒரு காரணம். எங்கள் பக்கத்தில் ஒரு வாசலின் பெயர் தெரிந்துவிட்டால் அதில் ஏறி இறங்குகிறவர்கள் யார் யார் என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம்.

அந்த வாசலுக்குப் போவதற்கு முன்பு நான் சுற்றிய சுற்றைச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் என் தம்பி வேலை பார்த்த விசைப்படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. மன்னார் நீதிமன்றம், வவுனியா சிறை, வாய்தா என்று இரண்டு மாதங்கள் கழிந்தன. வக்கீலுக்குப் பணம் புரட்டுவது, சங்கத்தாரோடு மனு கொடுக்கப் போவது, அம்மாவைச் சாப்பிட வைப்பது எல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. அப்போது எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. தம்பி வீடு திரும்பி, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போய், எல்லாம் அடங்கிய மூன்றாவது வாரத்தில், பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே பேருந்து நெரிசலில் நின்றபோது என் நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. விரல் நுனிகள் மரத்தன, மூச்சு முட்டியது, இதோடு முடிந்தது என்று நிச்சயமாக நினைத்தேன். பத்து நிமிடத்தில் தணிந்தது. அடுத்த வாரம் மீண்டும் வந்தது. பிறகு பாலம் இல்லாமலே, நள்ளிரவில், படுக்கையில் வந்தது.

மதுரைக்குப் போய் இ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் பார்த்தோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தச் செலவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். நெஞ்சு வலிக்கிறவர் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் இதயம் நன்றாக இருக்கிறது என்ற சீட்டோடு வீட்டுக்கு அனுப்பியவர்களில் ஒருவராவது, அப்படியானால் இது என்னவாக இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் ஆறு வாரங்கள் மிச்சமாகியிருக்கும். அம்மா ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். மாமா ஒருவர், "மாப்ள, ஒரு வியாழக்கிழமை ஏர்வாடி தர்கால தங்கிட்டு வந்துருவோம்" என்றார். எங்கள் கடற்கரையில் இதில் மத வேறுபாடு கிடையாது; கோயிலுக்குப் போகிறவர்களும் மாதா கோயிலுக்குப் போகிறவர்களும் மனசு சரியில்லை என்றால் தர்காவுக்கும் போவார்கள்.

நான் மறுத்தேன். அந்த இடத்தின் மீது எனக்கு அவமதிப்பு எதுவும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. செய்தித்தாளில் வந்த படங்களை எங்கள் தெருவில் கைமாற்றிப் பார்த்தோம். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது, தர்காவுக்கு வருகிறவர்களுக்கே மருந்தையும் பிரார்த்தனையையும் ஒன்றாக வழங்கும் 'தவா-துவா' திட்டமும் வந்தது. இவ்வளவும் மாறிய பிறகும், இந்த மாவட்டத்தில் என் வயதுக்காரர்களுக்கு மனநோய் என்ற சொல்லைக் கேட்டதும் அந்தச் சங்கிலிதான் கண்ணுக்குத் தெரிகிறது. நான் ஒரு ஆலோசகரைத் தேடாமல் இருந்ததற்குக் காரணம் பணமோ தூரமோ இல்லை. தேடினால் நானும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

பட்டியலை உடைத்தது ஒரு தொலைபேசி எண். ஏப்ரல் இறுதியில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் படகுகள் கரையில் நின்ற நாட்களில், இரவு இரண்டு மணிக்கு 14416 என்ற எண்ணை அழைத்தேன். டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். மறுமுனையில் பேசிய பெண், நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டார். சாவோமோ என்ற பயம்தான் வருகிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் இல்லை என்றேன். அந்த வேறுபாட்டை நானே அப்போதுதான் கவனித்தேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பகலில் போகச் சொன்னார். இருபது நிமிட உரையாடல் அது. வீட்டில் எல்லோரும் உறங்கும்போது கொல்லைப்புறத்தில் நின்று பேசினேன் என்பதையும், பேசியதற்கு மறுநாள் எந்த அடையாளமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தயங்குகிறவர்களுக்கு முதல் படியாக இதைவிட எளிதானது எங்கள் பக்கத்தில் இல்லை.

மருத்துவமனையில் கூட்டம் அதிகம், மருத்துவர் கொடுத்த நேரம் குறைவு. ஆனாலும் அந்தக் குறைந்த நேரத்தில் தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார், இதற்குப் பெயர் பீதிக் கோளாறு என்றார், ஒரு மாத்திரை தொடங்கினார். இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும், உடனே வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், நீங்களாகவும் நிறுத்தாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். மருந்தோடு பேச்சு வழிச் சிகிச்சையும் எடுத்தால் நல்லது என்று சொன்னதும் அவர்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் படித்துப் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர். மருந்து எழுத மாட்டார், பேச்சு வழியே சிகிச்சை தருவார். இந்த இரண்டிலும் சேராதவர்களும் கவுன்சிலிங் என்று பலகை மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். முதலில் வேறோர் ஊரில் அப்படி ஒருவரிடம்தான் போனேன். கால் மணி நேரத்தில் என் கதையை வெட்டிவிட்டு, பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள், காலையில் யோகா செய்யுங்கள், எல்லாம் மனசுதான் என்று சொல்லி 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். எல்லாம் மனசுதான் என்பதை மனசு சரியில்லை என்று வந்தவனிடமே சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அதன் பிறகு, இந்த நிலையத்துக்குப் போன் செய்தபோது முதல் கேள்வியாகப் பதிவு எண்ணைக் கேட்டேன். தயங்காமல் சொன்னார்கள்.

இனி நிலையம். ராமநாதபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. மின்தூக்கி இல்லை, முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போக முடியாது. காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலிகள், எதிரே அதே மாடியில் இயங்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசல். முதல் நாளே அந்தக் கூடத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளியே வந்து, "என்ன தம்பி, சுகரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த வாசல் ஒரு வகையில் இடைஞ்சல், ஒரு வகையில் மறைப்பு. உள்ளறைக்கும் வெளியறைக்கும் நடுவே இருப்பது பிளைவுட் தடுப்புதான். உள்ளே பேசுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்காது என்றாலும், அழுதால் நிச்சயம் கேட்கும். இதை அவர்களிடமே சொன்னேன். ஐந்தாவது வாரம் வெளியே ஒரு மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டிருந்தார்கள். அது போதாது.

ஒரு அமர்வு 50 நிமிடம், கட்டணம் 700 ரூபாய். ஆலோசகர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண். மதுரைத் தமிழ் பேசுகிறார், 'பாடு' என்றால் கடலில் கிடைக்கும் மீன் வரத்து என்பது முதல் நாள் அவருக்குத் தெரியவில்லை, கேட்டுக் குறித்துக்கொண்டார். தெரியாததைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. முதல் அமர்வில் பெரும்பாலும் விதிகளையே சொன்னார். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அவராக வணக்கம் சொல்ல மாட்டார். நான் பேசினால் பேசுவார். பிறகு ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, கடந்த இரண்டு வாரங்களில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்று குறிக்கச் சொன்னார். மொத்தம் 21 மதிப்பெண்ணில் எனக்கு 17. பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் கடுமையான பதற்றம் என்றார். பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு மதிப்பெண் நான் வாங்கியதில்லை என்று சொன்னதும் அவர் சிரித்தார். நானும் பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தேன்.

அவர் கையாண்டது அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வுக்காக வகுத்த முறை பின்னர் பதற்றத்துக்கும் விரிவானது என்று சுருக்கமாகச் சொன்னார். ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போன எனக்கு இரண்டாவது வாரம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னது ஏமாற்றமாக இருந்தது. நான்கு பத்தி போட வேண்டும்: என்ன நடந்தது, அப்போது மனதில் ஓடிய எண்ணம், அதை எத்தனை சதவீதம் நம்பினேன், பிறகு உண்மையில் என்ன ஆனது. ஏலக் கடையில் நான் எழுதுவதும் இதுதானே என்று தோன்றியது: சொன்ன எடை, வந்த எடை, பேசிய விலை, கைக்கு வந்த பணம். ஆறு வாரத்தில் 37 வரிகள் எழுதினேன். 31 வரிகளில் எண்ணப் பத்தியில் மாரடைப்பு என்றே இருந்தது. கடைசிப் பத்தியில் ஒன்றில்கூட மாரடைப்பு இல்லை. எந்த வியாபாரி 31 முறை சரக்கு வருகிறது என்று சொல்லி ஒருமுறைகூட அனுப்பாமல் இருந்தால் நான் அவனுக்கு முன்பணம் கொடுத்திருப்பேன்? அவர் இதைச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிக் காட்டிவிட்டு, என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார்.

நான்காவது அமர்வை மறக்க முடியாது. வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொன்னார். அவரும் என்னோடு சேர்ந்து வாங்கினார். அரை நிமிடத்தில் எனக்குத் தலை சுற்றியது, விரல் மரத்தது, நெஞ்சு படபடத்தது: பாலத்தில் வந்தது அத்தனையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தது. மூச்சை மிகையாக வெளியேற்றும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மரத்துப்போவதும் சுற்றுவதும் அதனால் வருபவை என்று விளக்கினார். ஒரு படபடப்பு, அதை மாரடைப்பு என்று எண்ணுவது, எண்ணியதால் பயம், பயத்தால் வேக மூச்சு, வேக மூச்சால் இன்னும் படபடப்பு என்று ஒரு வட்டத்தைத் தாளில் வரைந்தார். பேய் இல்லை, இதய நோய் இல்லை, என் கிறுக்கும் இல்லை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் எனக்குக் காட்டியது அந்த ஒரு நிமிட மூச்சுதான். மெதுவாக மூச்சு விடும் பயிற்சியையும் பிறகு கற்றுக்கொடுத்தார். ஆனால், "இதையும் ஒரு தாயத்தா ஆக்கிறாதீங்க சார்" என்றார். அதைக் கையில் வைத்திருந்தால்தான் பாலத்தைக் கடப்பேன் என்ற நிலை வந்தால் பயம் வேறு வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்றுதான் பொருளாம்.

பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவிலிருந்து ராமநாதபுரம் போக, 1988இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர். அதாவது, பாலத்தைக் கண்டு பயப்படுகிறவன் அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்க ஒவ்வொரு வாரமும் இரண்டு முறை அதே பாலத்தைக் கடக்க வேண்டும். முதல் முறை நேரம் வாங்கியிருந்த நாளில் பாம்பன் நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மறுவாரம் என் மனைவி உடன் வந்ததால்தான் போக முடிந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதால் பேருந்து அடிக்கடி நடுவே நின்றுவிடும், எனக்கு வேர்த்துக் கொட்டும். ஆலோசகர் இந்தச் சங்கடத்தையே சிகிச்சையாக மாற்றினார். பயத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்தோம். பாலத்தின் தொடக்கத்தில் பத்து நிமிடம் நிற்பது முதல் படி. மனைவியோடு கால்வாசி நடப்பது, தனியாகக் கால்வாசி நடப்பது, பேருந்தில் சன்னலோரம் உட்காராமல் நடு இருக்கையில் போவது என்று மெல்ல ஏறி, காற்று பலமாக வீசும் நாளில் பாலத்தின் நடுவே தனியாக நின்று, படபடப்பு ஏறி இறங்கும்வரை நகராமல் இருப்பது பத்தாவது. ஒவ்வொரு படியிலும் பயம் தணிந்த பிறகுதான் விலக வேண்டும் என்பது கட்டளை. பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடிவந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளுமாம். பத்தாவது படியை ஆகஸ்டில் ஏறினேன். கீழே நாட்டுப்படகுகள் போய்க்கொண்டிருந்தன. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை, நான் பேருந்தில் ஏறிய பிறகு, இன்று மேடம் வரவில்லை என்று போன் வந்தது. உள்ளூர்க்காரருக்கு அது சின்ன விஷயம். ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறவனுக்கு அது ஒரு நாள். கேட்டால்தான் ரசீது தருகிறார்கள். தடைக்காலம் முடிந்து தொழில் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்புவதால் எனக்கு ஓய்வு வெள்ளிக்கிழமைதான். அதைப் புரிந்துகொண்டு வெள்ளியை ஒதுக்கித் தந்தது நன்று, ஆனால் மாலை ஐந்து மணிக்கு மேல் அமர்வே கிடையாது. அன்றாடக் கூலியில் வாழ்கிறவர், உதாரணமாகப் பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் என்ற ஊரில் கடல்பாசி எடுக்கும் ஒரு பெண், ஒரு நாள் வருமானத்தையும் விட்டு 700 ரூபாயும் கொடுத்து இங்கே வர முடியாது. வருமானத்துக்கேற்பக் கட்டணம் உண்டா என்று கேட்டேன். கல்லூரி மாணவர்களுக்கு மட்டும் பாதி என்றார்கள்.

இன்னொன்றைக் குறை என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் முடிவு சொல்ல மாட்டார். தம்பியை மீண்டும் கடலுக்கு அனுப்பலாமா, அவனுக்காக வாங்கிய கடனை அவன் தலையில் வைக்கலாமா என்று மூன்று வாரம் கேட்டுப் பார்த்தேன். அவனை அனுப்புகிறவன் நானா என்று திருப்பிக் கேட்டார். தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. அவன் சிறையில் இருந்த இரண்டு மாதமும் நான் அழாமல் இருந்ததைப் பற்றிப் பேச்சு வந்தது அந்த வாரம்தான். தடுப்புக்கு அப்பால் மின்விசிறி இருந்தும் கேட்டிருக்கும் என்று நான் சொன்னது அந்த அனுபவத்தில்தான்.

கணக்கு: பதினொரு அமர்வுக்கு 7,700 ரூபாய், பேருந்து, தேநீர் சேர்த்து வாரம் 120 வீதம் 1,320, ஆக 9,020. மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். இதற்கு முன் மதுரைச் சோதனைகளுக்கும் மந்திரிப்புக்கும் 500 ரூபாய் ஆலோசனைக்கும் போனது இதைப்போல் இரண்டு மடங்கு. வரவுப் பக்கத்தில்: கடைசி அமர்வில் அதே ஏழு கேள்விகளுக்கு என் மதிப்பெண் 5. படபடப்பு இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறது, வந்தால் உட்கார்ந்து அது போகும்வரை பார்க்கிறேன். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, நோட்டின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்து எழுத முடியாது. மாத்திரையை எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மூன்று மாதம் கழித்து ஒருமுறை வந்து போகும்படி ஆலோசகர் சொல்லியிருக்கிறார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த ஒன்று பிளைவுட் தடுப்புக்கும் கடைசி நேர ரத்துக்கும். போகிறவர்கள் பழைய சோதனைச் சீட்டுகளையும் சாப்பிடும் மருந்துகளின் பெயர்களையும் எடுத்துப் போங்கள், முந்தின நாள் மாலையே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சிறையில் இருந்துவிட்டு வந்தவன் தம்பி. வைத்தியத்துக்குப் போனவன் நான். அவன் இரவில் சரியாக உறங்குவதில்லை என்று அவன் மனைவி சொல்கிறார். நான் வெள்ளிக்கிழமைகளில் எங்கே போகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். போன வாரம் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அந்தம்மா எவ்வளவு வாங்குறாங்க?" என்று மட்டும் கேட்டான். 700 என்றேன். அதற்கு மேல் அவன் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை.